லாரிக் கண்ணாடியில் மணப்பெண்கள்

எங்கள் ஊர் தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்ட யாருடைய ஆல்பத்தை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். பீடத்துப் பக்கமிருந்து வாசலை நோக்கி எடுத்த படம் ஒன்று கட்டாயம் இருக்கும். அதில் வாசலுக்கு மேலே, பின்பக்க மாடியின் மரக் கைப்பிடிக்குப் பின்னால், ஒரு பிடரியும் இரண்டு தோள்களும் தெரியும். அதுதான் ஆர்கன்காரர். அவர் முகம் எந்த ஆல்பத்திலும் கிடையாது. முகத்தைப் பார்க்க வேண்டுமானால் வார நாளில் கடைத்தெருவுக்குப் போக வேண்டும். பெரிய செருப்புக் கடையில், யாருடைய காலுக்கோ முன்னால், குட்டை முக்காலியில் உட்கார்ந்திருப்பார்.

"ரெண்டுமே கால் வேலைதான்" என்பார். ஆர்கனில் கைக்கு இருக்கிற வேலை காலுக்கும் உண்டு. கீழே வரிசையாக மரக்கட்டைகள் இருக்கும். தேவாலயத்தின் தரை அதிர்வது போன்ற அந்தக் கனத்த ஒலியெல்லாம் அவற்றை மிதிப்பதால் வருவதுதான். அதற்கென்றே மெல்லிய தோல் அடி வைத்த ஒரு ஜோடி ஷூ வைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாளும் தெருவில் இறங்கியதில்லை. மாடிப்படியின் உச்சியில் மாற்றிக்கொண்டு, இறங்கும்போது அங்கேயே கழற்றி வைத்துவிடுவார்.

வீட்டில் அவருக்கு ஆர்கன் கிடையாது. சாப்பாட்டு மேசைதான் ஆர்கன். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், தட்டை நகர்த்திவிட்டு, மறுநாள் பாடல்களை மேசை விளிம்பில் விரலால் வாசித்துப் பார்ப்பார். மேசைக்கு அடியில் கால்களும் சும்மா இருக்காது.

"மிதிச்சிட்டீங்க" என்பார் மனைவி.

"கொஞ்சம் தள்ளி உக்காரேன். அந்த இடத்துல எனக்கு ஒரு கட்டை இருக்கு."

"இத்தனை வருஷமா நானும் உங்களுக்கு ஒரு கட்டைதானே."

இதைக் கேட்டு வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கும் மகளுக்குப் புரையேறும். ஒரே மகள். நடக்கத் தெரிந்த வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இடம் ஆர்கன் பெஞ்சின் இடது ஓரம்தான். முதல் பாட்டு முடிவதற்குள் அப்பாவின் இடுப்பில் சாய்ந்து தூங்கிவிடுவாள். அவர் எட்டி வாசிக்க வேண்டிய இடங்களில் அவளும் சேர்ந்து சாய்வாள், நிமிர்வாள், விழிக்க மாட்டாள். ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வருவார். கீழே மனைவி மட்டும் அந்தப் பெரிய காலி இடத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். மூன்று பேரும் கடைசியாக வீட்டுக்கு நடந்து போவார்கள். ஊரே சாப்பிட்டுப் படுத்த பிறகு இவர்கள் வீட்டில் அடுப்பு பற்றும்.

அந்த மனைவி எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லிய கதை ஒன்று உண்டு. அவர்கள் கல்யாணக் கதை.

அன்றைக்கு ஊரில் ஆர்கன் வாசிக்க வேறு ஆள் இல்லை. "அதுக்கென்ன, நானே வாசிச்சிட்டு இறங்கி வந்துடறேன்" என்று மாப்பிள்ளை மாடி ஏறிவிட்டார். மணப்பெண் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பீடத்தருகே வந்து நின்றாயிற்று. பாட்டு நிற்கவில்லை. ஆர்கன்காரர் உட்காருவது பீடத்துக்கு முதுகைக் காட்டித்தான். அவள் வந்து சேர்ந்தது அவருக்கு எப்படித் தெரியும்? பாட்டு ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. பாதிரியார் இருமிப் பார்த்தார். கடைசியில் மணப்பெண்ணின் அண்ணன் மாடி ஏறிப் போய்த் தோளைத் தட்டினார்.

"மாப்ளே, அவ வந்து நின்னு ரொம்ப நேரமாச்சு. கட்டிக்கிறதா இருந்தா கீழ வாங்க."

மூச்சு வாங்க ஓடி வந்த மாப்பிள்ளையைப் பார்த்து மணப்பெண் முதலில் சொன்னது, "ஷூவை மாத்தலையா?" என்பது.

"எல்லாரும் முகத்தைப் பாத்துக் கட்டிக்கிறாங்க. நான் முதுகைப் பாத்துக் கட்டிக்கிட்டேன்" என்று கதையை முடிப்பார் மனைவி.

அண்ணன் லாரி ஓட்டியவர். அடுத்த வாரமே ஒரு பழைய லாரிக் கண்ணாடியைக் கொண்டுவந்து ஆர்கனுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். "பின்னாடி என்ன நடக்குதுன்னு பாக்காம வண்டி ஓட்டக்கூடாது மாப்ளே." அவருடைய கல்யாணப் பரிசு அதுதான்.

அதற்குப் பிறகு ஆர்கன்காரர் ஒரு முறைகூடத் தவறவில்லை. மணப்பெண் பீடத்தருகே கடைசி அடி வைக்கும்போது பாட்டின் கடைசி ஒலி விழும். பெண்கள் அவரவர் வேகத்தில் நடப்பார்கள். சிலருக்குப் படபடப்பு, சிலருக்குப் புதுச் செருப்பு கடிக்கும், சிலருடைய அப்பாவுக்கு முட்டி வலி. பேருந்தில் எந்த நிறுத்தத்திலும் இறங்கத் தெரிந்தவர் போல, அந்தப் பாட்டில் எங்கெங்கே இறங்கலாம், எங்கே இன்னொரு சுற்று போகலாம் என்று அவருக்குத் தெரியும். பெரும்பாலும் அந்தச் செருப்பை விற்றவரும் அவரே என்பதால், எந்தப் பெண் எப்படி நடப்பாள் என்று முன்கூட்டியே ஒரு கணக்கும் இருக்கும்.

மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னாள்:

"அப்பா, பீடம் வரைக்கும் மாமா என்னைக் கூட்டிட்டு வரட்டும். நீங்க வாசிங்க."

"பின்ன? தன் கல்யாணத்துக்கே எந்திரிக்காத மனுஷன்" என்றார் மனைவி.

ஆர்கன்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரிம்மா" என்றார். அன்று மேசையில் விரல் ஓடவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஒத்திகை. மாமா புதிதாகத் தைத்த கோட்டை ஒத்திகைக்கே போட்டுக்கொண்டு வந்திருந்தார். மகள் அவர் கையைக் கோத்துக்கொண்டாள். மாடியில் ஆர்கன் தொடங்கியது. இருவரும் நடந்தார்கள், பீடத்தருகே வந்து நின்றார்கள்.

பாட்டு நிற்கவில்லை.

ஒரு சுற்று முடிந்தது. முதலிலிருந்து மறுபடி தொடங்கியது. மாமா சிரித்தார். "என்ன, பழைய படத்தை மறுபடி ஓட்டறாரு?" மனைவி சிரிக்கவில்லை. அந்தக் கண்ணாடி மாட்டிய நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். "போய்ப் பாரும்மா. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ."

மகள் படியேறினாள். அப்பா நன்றாகத்தான் இருந்தார். குனிந்து, கட்டைகளை மட்டும் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணாடி ஏன்ப்பா அந்தப் பக்கம் பாக்குது?"

"கண்ணு கூசிச்சு."

"வெயிலே இல்லையே."

வாசிப்பதை நிறுத்தினார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க மாமா நல்லாத்தான் நடக்கறார்."

"நான் மாமாவைப் பத்திக் கேக்கலை."

"எத்தனையோ பொண்ணுங்களை இதுல பாத்தாச்சு. முதுகுதான் தெரியும். எந்த அப்பா அழறார், எந்த அப்பா அடக்கிக்கிட்டு நடக்கறார்னு முதுகைப் பாத்தே சொல்லிடுவேன். உன்னையும் அப்படிப் பாக்கணுமான்னு இருந்துச்சு. அதான் திருப்பி வச்சிட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீயும் அம்மாவும் முடிவு பண்ணிட்டுத்தானே சொன்னீங்க."

"நீங்க ஆர்கனை விட்டு எந்திரிக்க மாட்டீங்கன்னு நெனச்சோம்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அவள் கைப்பிடியைப் பிடித்து எட்டிப் பார்த்து, கீழே நின்றவரிடம் சொன்னாள். "மாமா, அப்பாவே என்னைக் கூட்டிட்டு வரணுமாம்."

மாமா கோட்டை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். "தாராளமா. ஆனா இதைக் கழட்ட மாட்டேன். முன் வரிசையில உக்காந்தாவது காட்டுவேன்."

பிறகுதான் பெரிய கேள்வி. யார் வாசிப்பது? ஊரில் இன்னொருவர் இருந்தார். விருந்து மண்டபங்களில் கீபோர்டு வாசிப்பவர். ஒரு பொத்தானை அழுத்தினால் தாளம் தானாக ஓடும் வகை. ஒட்டடைக்கம்பு உயரம். ஆர்கன்காரர் அவருக்கு வைத்த பெயர் பொத்தான். அவர் பெயரை எடுத்தாலே முகம் சுளிப்பவர், அன்றிரவே அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"எனக்கு ஒரு உதவி செய்யணும் தம்பி."

"அண்ணே, என்னைப் பொத்தான்னு சொல்வீங்களாமே."

"நாளையிலிருந்து சொல்லலை."

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்றார் பொத்தான்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்தவர் ஆர்கன்காரர். மாடி ஏறினார். பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் திருப்பி, பீடத்தின் படி சரியாக மேல் விளிம்பை ஒட்டித் தெரியும் வரை நகர்த்தி, திருகை இறுக்கினார். துணியால் ஒரு முறை துடைத்தார். திருப்தியாக இறங்கிப் போனார். அந்தப் பெஞ்சில் இத்தனை காலமும் வாசிக்க வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. ஒருவர் கண்ணுக்குப் பொருந்தும் கண்ணாடி, அவரைவிட ஒன்றரை அடி உயரமானவருக்கு வேறு எதையோ காட்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

வாசலில் மகள் கையைக் கோத்துக்கொண்டாள். மேலே ஆர்கன் எழுந்தது. பொத்தான் நன்றாக வாசித்தார், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆர்கன்காரருக்கு நடப்பது கடினமாக இருந்தது. வலது கால் ஒவ்வொரு அடியிலும் ஒரு கட்டையைத் தேடியது. "அப்பா, நேரா நடங்க" என்றாள் மகள், உதடு அசையாமல். இந்த வரி வரும்போது நாலாவது தூணைத் தாண்டியிருக்க வேண்டுமே, பின்தங்கிவிட்டோமே என்று அவர் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது.

மேலே பொத்தான் கண்ணாடியை விட்டுக் கண் எடுக்கவில்லை. அப்பாவும் மகளும் மெல்ல மெல்ல மேல் விளிம்பை நோக்கி நகர்ந்தார்கள். விளிம்பைத் தொட்டார்கள். மறைந்தார்கள். வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, பாட்டை வெகு அழகாக முடித்தார்.

அவர்கள் இன்னும் பாதி வழியில்தான் இருந்தார்கள்.

எல்லாத் தலைகளும் மாடியைப் பார்த்துத் திரும்பின. மனைவி கண்ணை மூடிக்கொண்டார். மேலே பெஞ்சு கிரீச்சிட்டது. பொத்தான் எழுந்து எட்டிப் பார்த்துவிட்டு, பதறி உட்கார்ந்து, ஒரு தப்பான கட்டையை அழுத்தினார். ஆர்கன்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. கோக்காத கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கி விரித்துக் காட்டினார். பாடகர் குழுவுக்கு அவர் காட்டும் அதே சைகை. பொறு.

சத்தம் அடங்கியது. அப்போதுதான் அவருக்குக் கேட்டது. மகளின் வெள்ளை உடை கல் தரையில் உரசும் மெல்லிய சரசரப்பு. அவரே தேர்ந்தெடுத்த புதுச் செருப்பின் தோல் ஒவ்வொரு அடிக்கும் முனகுவது. அவள் மூக்கால் இழுத்து விடும் மூச்சு. அத்தனை மணப்பெண்களைப் பீடத்தில் கொண்டு சேர்த்தவருக்கு, ஒரு மணப்பெண் நடந்தால் என்ன சத்தம் வரும் என்று அதுவரை தெரியாது. ஒவ்வொரு முறையும் அவரே அதை மூடி வாசித்திருந்தார்.

"அப்பா, பாட்டு நின்னுடுச்சு."

"நிக்கட்டும்."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். மெதுவா நட. ஒண்ணும் அவசரமில்லை."

பீடத்துக்கு இன்னும் சில வரிசைகள் இருந்தன. முடிந்த மட்டும் அவற்றை நீட்டி நடந்தார்.