காலி நிலம் என்று வாசித்து நிறுத்தியவர்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். கோயில் மண்டபத்தில் நடக்கும் வகுப்பில் போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். ஒரு பத்தி முடிவதற்குள் விரல் வலிக்கிறது. கொஞ்சம் நிறுத்தி, கோப்பி குடித்துவிட்டு மறுபடியும் உட்காருகிறேன். லாயர் ஐயா குலரத்தினத்தின் நினைவு மலருக்குத் தோட்டத்து ஆள் ஒருவரும் எழுத வேண்டும் என்று அவருடைய அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். "நீங்க சொல்லுங்கப்பா, நான் எழுதறேன்" என்றாள் என் மகள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செய்தி கைப்பேசியில் வந்தது. ஐயாவிடம் இளம் வழக்கறிஞராகச் சேர்ந்து, இன்று அங்கே பங்குதாரராக இருக்கும் தேவி அம்மா அனுப்பியிருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘ஐயா இன்று காலை’ என்பது வரை சுலபமாக வந்தது. அடுத்த சொல்லுக்கு நேரமெடுத்தது. ‘காலமானார்.’ யாரும் சொல்லாமல் நானாகவே படித்துத் தெரிந்துகொண்ட முதல் சாவுச் செய்தி அதுதான். படித்துவிட்டேனே என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். படித்தது என்ன என்பது அதன் பிறகுதான் உறைத்தது.

அவருடைய அலுவலகம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். வங்கிகளுக்கும் துறைமுகங்களுக்கும் தோட்டக் கம்பெனிகளுக்கும் பத்திரம் எழுதும் இடம். கோலாலம்பூரில் ஒரு துணிக்கடையின் மாடியில், நண்பர்கள் இரண்டு பேரோடும் ஒரு தட்டச்சு இயந்திரத்தோடும் தொடங்கினாராம். மழை பெய்தால் கோப்புகளைத் தூக்கி மேசைமேல் வைப்பார்களாம். இதை அவர் என்னிடம் சொன்னபோது அலுவலகம் கண்ணாடிக் கட்டடத்தில் பல மாடிகளுக்குப் பரவியிருந்தது.

நான் அவரை முதலில் பார்த்தது எதிர்த்தரப்பில். கோல சிலாங்கூர் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தைக் கம்பெனி விற்றது. லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு வேறு வீடு தருவதாக ஒப்பந்தம். கம்பெனியின் லாயர் அவர். எங்கள் பக்கத்தில் கோயில் தலைவர் என்ற முறையில் நான் முதலில் கைநாட்டு வைக்க வேண்டும். பெருவிரலில் மை தடவித் தயாராக நின்றேன்.

"இருங்க, முழுசா வாசிச்சிடறேன்" என்றார் அவர்.

ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னார். கம்பெனி மேனேஜர் நெளிந்தார். "சுருக்கமா சொல்லுங்க சார், சாப்பாடு ஆறுது லா." அவர் காதில் வாங்கவில்லை. கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில் அவருடைய அப்பா கிராணியாக இருந்தவர்; தோட்டத்துக் கணக்கு எழுதும் வேலை. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் நோட்டீஸ் எதுவானாலும் முழுசாக வாசித்துவிட்டுத்தான் அடுத்த வேலையாம். மகனுக்கும் அதே பழக்கம்.

"ஆற்றோரம், புதர் மண்டிய காலி நிலம், வாங்குபவரைச் சேரும்" என்று வாசித்தார்.

கூட்டத்தில் அஞ்சலை அக்கா எழுந்தார். "எது காலி நெலம்? எம் புருசன் அங்கதான் படுத்திருக்காரு. காலி பண்ணிட்டாருன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. அது எங்கள் இடுகாடு. என் மனைவி பாக்கியமும் அங்கேதான் இருக்கிறாள். கல் வைக்க வசதியில்லாததால் தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி நடுவது எங்கள் வழக்கம். நில அளவைக்கு வந்தவர் கண்ணுக்கு அது புதராகத் தெரிந்திருக்கிறது.

ஐயா பத்திரத்தை மூடி வைத்தார். மேனேஜருக்குக் கோபம். "அப்பறமா பாத்துக்கலாம். சார், நீங்க யாரு பக்கம்?"

"கம்பெனி பக்கம்தான். அதனாலதான் நிப்பாட்டறேன். ஆளுங்களப் பொதைச்ச எடத்தக் காலி நிலம்னு எழுதி, அதுல கம்பெனியக் கையெழுத்துப் போட விடமாட்டேன்."

பிறகு எங்களிடம் திரும்பினார். "நான் ஒங்க லாயர் இல்ல. நான் சொல்றத நீங்க நம்பக் கூடாது. ஒங்களுக்குன்னு ஒரு லாயரப் பிடிங்க. அவர் ஒங்க பக்கத்துல உக்காரட்டும், நான் வந்து மறுபடியும் வாசிக்கிறேன்."

நான் கேட்டேன்: "நம்பக் கூடாதுன்னு நீங்களே சொல்றீங்க. ஐயா, இத மட்டும் நம்பலாமா?"

வாய்விட்டுச் சிரித்தார். "இத மட்டும் நம்புங்க." அதுவரை மை விரலைத் தூக்கிக்கொண்டே நின்றிருந்தேன். தன் வெள்ளைக் கைக்குட்டையை நீட்டினார். துடைத்துக் கொடுத்ததும் அதில் பதிந்த மையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கைநாட்டு எந்தக் கோர்ட்லயும் செல்லாது" என்று மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

கம்பெனி வேறு லாயர்களிடம் போய்விடும் என்று அவருடைய பங்குதாரர்களே பயந்தார்களாம். போகவில்லை. நாங்கள் பட்டணத்தில் ஒரு லாயரைப் பிடித்தோம். நிலத்தை மறுபடி அளந்தார்கள். அளக்க வந்தவரை அஞ்சலை அக்கா செடி செடியாகக் கூட்டிப்போய், இது இன்னார், இது இன்னார் என்று சொன்னார். இடுகாடு தனியாகப் பிரிந்து கோயிலுக்கு வந்தது. ஐயா சொன்னபடியே வந்து, முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசித்தார். அன்றைக்குக் கைநாட்டு வைத்தேன்.

பிறகொரு முறை பத்திரத்தின் நகல் வாங்க அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். தேவி அம்மா ஒன்று சொன்னார். எவ்வளவு பெரிய வியாபாரமானாலும், கையெழுத்துக்கு முன்னால் பத்திரத்தை வாய்விட்டு வாசிப்பது அங்கே வழக்கமாம். வங்கிக்காரர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்களாம். இளையவர் யாராவது வேகமாக ஓட்டினால் ஐயா, "மெதுவா, மெதுவா. குரோட்டன் செடி இருக்கும்" என்பாராம். எங்கள் செடி அந்தக் கண்ணாடிக் கட்டடம் வரை போயிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இடுகாட்டில் இப்போது பெயர்ப் பலகைகள் இருக்கின்றன. பல வருடம் செடியைப் பார்த்துத்தான் பாக்கியத்தின் இடத்தைக் கண்டுபிடித்தேன். போன தீபாவளிக்கு முன்னால் போய்ப் பலகையைப் படித்தேன். சத்தமாகத்தான் படித்தேன். இதை ஐயாவிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்தான். அதனால் இதை அனுப்புவதற்கு முன்னால் அஞ்சலை அக்காவை உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து முழுவதும் வாசித்துக் காட்டினேன். இருட்டிவிட்டது. அக்கா நடுவில் எழுந்து போகவில்லை.

"எல்லாம் சரிதான். அவரு பொஞ்சாதியோட கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பாக்க வந்தாரே, படகுல ஏறப் பயந்தாரே, அத ஏன் விட்டுட்ட?"

"விரல் வலிக்குது அக்கா. அடுத்த வாரம் ஐயா வீட்டு அம்மாவுக்குத் தனியா எழுதறேன்."

"எழுது. வேற ஒண்ணும் விட்டுப்போகல. போடு கையெழுத்து."

போடுகிறேன்.

மு. வீரப்பன்