இடப்பக்கம் சரித்த உடல்

ஈரத் துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம் கேட்டால் இன்றும் அப்படியே நின்றுவிடுகிறேன். திருகோணமலை மீன் இறங்குதுறையில், காலை வெயிலில், என் தம்பி நேசன் துடுப்பால் மூதூர் மீனவன் அருளப்பனின் வயிற்றில் அடித்தபோது அந்தச் சத்தம்தான் கேட்டது. மூன்று தடவை. நேசனின் படகு இயந்திரத்தின் விசிறி அருளப்பனின் வலையைக் கிழித்திருந்தது. "கண் தெரியாதோடா?" என்று அருளப்பன் கேட்டான். அவ்வளவுதான். தம்பியிடம் சாராயம் மணந்தது. நான் சோற்றுப் பார்சலுடன் நின்றேன். தடுக்கவில்லை.

பொலிஸ் தம்பியை இழுத்துப் போனது. நான் அருளப்பனை ஆட்டோவில் ஏற்றி, எக்ஸ்ரே எடுக்கப் பயிலும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன். நாற்பத்து நான்கு வயதில் மாணவி நான். நெஞ்சு, வயிறு பற்றிய பாடத்தில் இரண்டு முறை தோற்றவள். ஈரலும் குடலும் படத்தில் எனக்குச் சாம்பல் மேகங்கள்.

அவனால் எழுந்து உட்கார முடியவில்லை. மல்லாந்தபடியே படம் எடுத்தோம்.

"ஒண்டும் இல்லை. வாட்டுக்கு அனுப்புங்கோ," என்றார் டொக்டர்.

வயிறோ பலகையாக இறுகியிருந்தது. எக்ஸ்ரே அறையின் ஈயத் தடுப்புக்குப் பின்னால் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, இவன் சாகக் கூடாது. என்ர தம்பி கொலைகாரனாகக் கூடாது." அப்போது அருளப்பன் "அம்மா!" என்று அலறினான். வெட்கம் என்னை அறைந்தது. மறுபடி தொடங்கினேன். "ஆண்டவரே, அருளப்பனைக் காப்பாற்றும். அவனுக்காகவே காப்பாற்றும்."

தோற்ற பாடத்தின் பக்கம் கண்முன் திறந்தது. குடல் கிழிந்தால் காற்று கசியும். மல்லாந்தவனின் வயிற்றில் அது பரவி மறைந்துவிடும். இடப்பக்கம் சரித்துக் கிடத்தினால் மேலேறி, ஈரலுக்கும் விலாவுக்கும் நடுவே நிற்கும்.

"டொக்டர், இடப்பக்கம் சரிச்சு இன்னொண்டு எடுப்பமே?"

"நீங்கள் படிக்க வந்தனீங்களோ, படிப்பிக்க வந்தனீங்களோ?"

"பெயிலானவள்தான், டொக்டர். அதாலதான் இந்தப் பாடத்தை மறக்கேல்லை."

அவர் தலையசைத்தார். சரித்தோம். காற்று மேலேறப் பத்து நிமிடம் காத்திருந்தோம்; வலியில் அருளப்பனின் பற்கள் என் மணிக்கட்டில். படம் வந்தது. ஈரலின் வெண்மைக்கு மேலே கத்திபோல ஒரு கறுப்புக் கீற்று. டொக்டர் ஓடினார். சத்திரசிகிச்சையில் கிழிந்த குடலைத் தைத்தார்கள். அவன் பிழைத்தான்.

நேசன் மூன்று தடவை அடித்தான் என்று பொலிஸில் சொன்னதும் நான்தான். பிணையில் வந்த தம்பி என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் குடியை விட்டுவிட்டான். நான் மூன்றாம் முறை தேறினேன்.

என் பிரியமானவர்களே, ஆண்டவரிடம் கேளுங்கள். சுயநலமாகத் தொடங்கினாலும் கேளுங்கள். அவர் உங்கள் ஜெபத்தையும் சரித்துப் பார்ப்பார். மறைந்திருப்பது மேலே வரும்.

அருளப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நாளில், மூதூர்ப் படகுவரை கூடப் போனேன். என் மணிக்கட்டுத் தழும்பைக் கண்டு சிரித்தான். தையல் இழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டான். படகு நகர்ந்தபோது கத்தினான்:

"அக்கா, வலை இன்னும் கிழிஞ்சபடிதான் கிடக்கு. உங்கட தம்பியை வந்து பொத்தித் தரச் சொல்லுங்கோ. துடுப்பை மட்டும் வீட்டில வச்சிட்டு வரட்டும்!"