கல்லுக்கு அடியில் நடந்த கால்

பேய், காற்று, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் இதைக் கேட்டுச் சிரிக்கலாம், பரவாயில்லை, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலக வளாகத்தில் நானும் என் கூட்டாளி சேகரும் பேவர் கல் பதித்துக்கொண்டிருந்தோம். மணலைக் கொட்டி, பலகையால் இழுத்து மட்டமாக்கி, மேலே கல்லை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டினால் முடிந்தது. ஆனால் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் மட்டும் காலையில் வைத்த கற்கள் சாயங்காலத்துக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இறங்கிவிடும். எடுத்துச் சரிசெய்தால் மறுநாளும் அதே கதை. இன்ஜினியர் வந்து கத்தினார்.

"இன்னொரு வாட்டி எறங்குச்சுன்னா ரெண்டு பேரும் கெளம்பிடுங்க. நான் வேற ஆள வெச்சிக்கிறேன்."

எனக்குச் சேகர்மேல்தான் சந்தேகம். ஆசிரமம் பக்கம் ஒரு விடுதியில் நல்ல வேலை இருக்கிறது, இந்த வெயிலில் சாக முடியாது என்று கொஞ்ச நாளாகவே முனகிக்கொண்டிருந்தான். நான் திரும்புகிற நேரம் பார்த்து மணலைக் கலைக்கிறான், என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் பூட்டிக் கிடந்தது, எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. சேகரை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு நானே மணலை இழுத்தேன், நானே கல்லையும் வைத்தேன்.

"இன்னாடா, என்னையே சந்தேகப்படறியா?"

"பேசாம உக்காருடா."

சித்திரை வெயில், செருப்பில்லாமல் அந்தத் தரையில் கால் வைக்க முடியாது. வேலையை முடித்து நானும் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நம்பினால் நம்புங்கள், யாரும் தொடாமல், எங்கள் கண்ணெதிரே ஒரு கல் மெல்ல அமுங்கியது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கும் தள்ளி இன்னொன்று.

சேகர் ஓடிப்போய்க் கடப்பாரையால் நெம்பினான். நான் மட்டமாக இழுத்த மணலில் வெறுங்காலின் தடம். அடுத்த கல்லுக்கு அடியிலும் இருந்தது. ஒன்று இடது, ஒன்று வலது. கல்லுக்குக் கீழே யாரோ நடந்து போயிருக்கிறார்கள்.

சேகர் குனிந்து இடது தடத்தையே பார்த்தான். அதில் சுண்டுவிரல் இல்லை. பிறகு என் காலைப் பார்த்தான். எனக்கும் இடது காலில் சுண்டுவிரல் கிடையாது, முன்பு ஒரு வேலையில் கருங்கல் விழுந்து போய்விட்டது.

"எப்படா செருப்ப கழட்டின?"

"கழட்டவே இல்லடா! நீதான் பாத்துக்கினே இருந்தியே!"

சட்டையை மாட்டிக்கொண்டு போனவன்தான், அந்த வேலைக்குத் திரும்பி வரவில்லை. நானும் போகவில்லை. இப்போதும் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைப் பார்க்க மாட்டான், காலைத்தான் பார்ப்பான். அவ்வளவு பழகியவன், நானே மணலைக் கலைத்துவிட்டு அவன்மேல் பழி போட்டதாக நினைக்கிறானே என்று அழுகையே வரும்.

அது என் தடம் இல்லை என்று அவனை வீட்டுக்குக் கூப்பிட்டே காட்டிவிடலாம். குளித்துவிட்டு நான் நடந்து வந்தால், சிமென்ட் தரையில் என் இடது காலின் ஈரத்தடத்தில் இப்போதெல்லாம் ஐந்து விரல் விழுகிறது. காட்டத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.