மஞ்சள் விளக்கில் எடுத்த நாக்குப் படம்

கொரோனாவுக்காக வூஹானை அடைத்த எட்டாம் நாள் பெய்லானுக்குத் தூக்கம் போனது. அறுபத்து மூன்றாம் நாள் வரை திரும்பவில்லை. ஒரு மணி நேரம் கண் அசந்து, திடுக்கிட்டு எழுவதைத் தூக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவமனை வார்டில் முப்பத்தோரு வருடம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள் நான். தூங்காதவர்களின் முகம் எனக்குத் தெரியும்.

அவள் எங்கள் மாடியில் பக்கத்து வீடு. வயது நாற்பத்தெட்டு. பதினெட்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிறாள். ஆற்றுப் பாலத்தின் மேல் நாளுக்கு ஆறு நடை. வீட்டுக்குள் அடைபட்டதும் நடக்கத் தொடங்கினாள். சமையலறையிலிருந்து பால்கனிக்குப் பதினான்கு அடி. திரும்பும் இடத்தில் எல்லாம் ஒரு நிறுத்தத்தின் பெயரை முணுமுணுப்பாள். சில நாட்களில் அந்த வழித்தடம் எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

அவள் கணவன் கெங் குப்பைப் பையை வாசலில் வைக்க வந்தபோது சொன்னான்: "இன்னிக்கு ரெண்டு தடவை என் காலை மிதிச்சிட்டா, லியாவ் அக்கா. நிறுத்தம்னு நினைச்சிட்டா போல. ஆனா ஏத்திக்கவும் மாட்டேங்கிறா."

"நீ நிறுத்தம் இல்ல, வேகத்தடை," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நடை நிற்கவில்லை.

பிறகு டிப்போவிலிருந்து செய்தி வந்தது. இன்னும் பன்னிரண்டு நாளில் பஸ்கள் ஓடும். முதல் நாள் காலை ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். மேல் எண் நூற்று நாற்பதைத் தாண்டினால் சாவி கிடையாது. பஸ் வாசலில் நின்று ஏறுகிறவர்களுக்குக் காய்ச்சல் பார்க்கும் வேலைதான். அவள் தடம் வேறொருவருக்குப் போய்விடும். பெய்லான் வீட்டுக் கருவியில் கையை நுழைத்துப் பார்த்தாள். நூற்று ஐம்பத்தெட்டு. அன்று மட்டும் இருபது முறை பார்த்தாள். ஒவ்வொரு முறையும் எண் கொஞ்சம் ஏறியது.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் போகும் மூலிகை மருத்துவர் ஷி கடையை மூடிவிட்டு, போனில் பார்த்துக்கொண்டிருந்தார். கடை இருந்த காலத்தில் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். நாக்கைக் கடைசியில்தான் பார்ப்பார். போனில் நாடி பிடிக்க முடியாது. நாக்கைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். பெய்லான் அனுப்பினாள். நாக்கில் தடித்த மஞ்சள் படலம், உள்ளே நெருப்பு ஏறியிருக்கிறது, அணைக்கவேண்டும் என்றார். மறுநாள் முட்டைக்கோஸ் மூட்டைகளோடு மூலிகைப் பொட்டலங்களும் குடியிருப்பு வாசலுக்கு வந்து இறங்கின.

அரை மணி ஊறவைத்து, மண்சட்டியில் இரண்டு முறை கொதிக்கவைத்து, இரண்டு நீரையும் கலந்து, காலை மாலை குடித்தாள். கசப்பு வேரின் வாசனை என் கதவுக்கு அடியில் நுழைந்தது. மூன்றாம் நாள் நடையின் தாளம் மாறியது. பால்கனி வரை போகவில்லை; பாதியில் கழிப்பறைப் பக்கம் திரும்பியது.

கதவைத் தட்டினேன். முகக்கவசத்தோடு திறந்தாள். கைகளைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள்.

"எத்தனை தடவை போச்சு?"

"அஞ்சு. நெருப்பு வெளியேறுதுன்னு நினைச்சேன். அதான் இன்னிக்கு ரெண்டு பொட்டலத்தை ஒண்ணாப் போட்டுடலாம்னு..."

"போடு. டிப்போவுக்கு வாளியோட போகலாம். கையை நீட்டு."

ஐஸ் மாதிரி இருந்தது. உள்ளே நெருப்பு எரிகிறவள் கை அப்படி இருக்காது. கவசத்தை இறக்கி நாக்கை நீட்டச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் மூன்றடி தள்ளி நின்று பார்த்தேன். வெளுத்த நாக்கு. ஓரங்களில் பல் பதிந்த தடம். மஞ்சள் எங்குமே இல்லை.

"படத்தை எங்க எடுத்தே?"

"சமையக்கட்டுல. பால்கனியில இவர் அவங்க அம்மாகிட்ட போன்ல பேசிட்டிருந்தார்."

சமையலறை விளக்கு மஞ்சள் குமிழ். "அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டே?"

கெங்தான் பின்னாலிருந்து சொன்னான்: "ஆரஞ்சு. வீட்டுக்குப் பத்து கிலோ குடுத்தாங்களே. ஒரே உட்காரலில் ஆறு உரிச்சா."

வெறும் வயிற்றில், பகல் வெளிச்சத்தில், வாய் கொப்பளித்துவிட்டு நாக்கைக் காட்டவேண்டும் என்பது எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கடையில் என்றால் மருத்துவரே முதலில் கேட்டிருப்பார். போனில் அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

"ஆரஞ்சுப் பழத்துக்கு மருந்து குடிச்சிருக்கே," என்றேன். "சட்டியைக் கீழ இறக்கு. அவருக்கு இப்பவே போன் போடு. ரெட்டைப் பொட்டலம்னு நினைச்சதையும் சொல்லு. மறைக்காதே."

அவர் கோபப்படவில்லை. மறுநாள் காலை புதுப் படம் வாங்கிக்கொண்டு மருந்தை மாற்றினார். தூக்கத்துக்குக் காட்டு இலந்தைக் கொட்டை, இன்னும் சில. நான் என் பங்குக்கு இரண்டு காரியம் செய்தேன். மதியத்துக்கு மேல் அவள் குடித்துக்கொண்டிருந்த கடுந்தேநீரை நிறுத்தினேன். ரத்த அழுத்தக் கருவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அது எனக்கு வேணும் அக்கா. பார்க்கலேன்னா படபடன்னு வருது."

"பார்த்தா இன்னும் வருது. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. என் வாசல்ல வந்து உட்கார்ந்து பாரு."

கடுகளவு விதைகளை ஒட்டுத்துணியில் வைத்து அவள் காதில் தூக்கத்துக்கான புள்ளிகளில் ஒட்டிவிட்டேன். அதை அழுத்திக்கொண்டிருந்தால் கைக்கு ஒரு வேலை. முகக்கவசத்தின் கயிறு பட்டு இரண்டு நாளில் உதிர்ந்தன. கயிற்றைத் தலைக்குப் பின்னால் ஒரு நாடாவில் கட்டிவிட்டு மறுபடி ஒட்டினேன்.

வயிற்றுப்போக்கு நின்றது. கை சூடானது. தூக்கம் இரண்டரை மணி நேரமானது, ஒரு நாள் மூன்று. எண் நூற்று நாற்பத்தாறு வரை இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. கடைசி நாள் சாயங்காலமும் நூற்று நாற்பத்தாறு. நான் எண்ணைக் குறைத்துப் பொய் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்று சுவருக்கு அப்பால் நிறுத்தங்களின் பெயர்கள் விடியும் வரை ஓடின.

காலை ஆறு மணிக்கு ஓட்டுநர்களை ஏற்றிப்போகும் டிப்போ பஸ் குடியிருப்பு வாசலுக்கு வந்தது. சீருடை இடுப்பில் தொளதொளத்தது. குடுவையில் கஷாயத்தை எடுத்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். கை காதை அழுத்திக்கொண்டே இருந்தது.

எட்டு மணிக்குப் போனில் அவள் குரல் வந்தது. பின்னால் எஞ்சின் சத்தம்.

"அக்கா, தூங்கிட்டேன்."

"எங்க?"

"வந்த பஸ்ல. மூணாவது நிறுத்தம்கூடப் பார்க்கல. நாப்பது நிமிஷம். உலுக்கி எழுப்பினாங்க, வாயெல்லாம் எச்சில். நேரா கையைப் பிடிச்சு பிரஷர் பார்த்தாங்க. நூத்து முப்பத்துநாலு."

"சாவி?"

"கையில இருக்கு. வைக்கிறேன், பஸ்ஸை எடுக்கணும்."

இலந்தைக் கொட்டைதான் வேலை செய்தது என்கிறார் மருத்துவர் ஷி. தான் ஆரஞ்சைப் பூட்டி வைத்ததால்தான் என்கிறான் கெங். அசையாத இடத்தில் அவளுக்குத் தூக்கம் வராது என்று எனக்குப் படுகிறது. பதினெட்டு வருடம் சக்கரத்தின் மேல் இருந்த உடம்பு. ஆனால் நான் யாரிடமும் வாதாடவில்லை. மருந்தை இன்னும் பத்து நாள் குடி என்று மட்டும் சொன்னேன். குடித்தாள்.

ரத்த அழுத்தக் கருவி என் அலமாரியில் இருக்கிறது. அவள் இதுவரை திருப்பிக் கேட்கவில்லை.