நாற்பத்தொரு கடவுச்சொற்களின் காவலர்

வாசல் பக்கம் ஒரு பார்வை, ஜன்னல் பக்கம் ஒரு பார்வை. பிறகு கையிலிருக்கும் ஃபைலை வாய்க்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, குனிந்து நிற்பவரின் காதில் எட்டு எழுத்தையும் இரண்டு எண்ணையும் ஊதுகிறார். "எழுதிக்காதீங்க. மனசுல வெச்சுக்குங்க." கேட்டவர் தன் இருக்கைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி மறந்துவிடும். திரும்பி வருவார். லாக்கர் சார் மறுபடியும் வாசலைப் பார்ப்பார். முகத்தில் சலிப்பு, அதற்குப் பின்னால் ஒளிக்க முடியாத சந்தோஷம்.

லிஃப்ட் பொருத்திப் பராமரிக்கும் எங்கள் நிறுவனத்தில் அவர் நிர்வாக அலுவலர். நான் அடுத்த மேசையில் ஒப்பந்தங்கள் தட்டச்சு செய்கிறவன். மின்னஞ்சல், உதிரிபாகக் கிடங்கு, வருகைப் பதிவு என்று நாற்பத்தொரு கடவுச்சொற்கள் அவர் தலைக்குள் இருந்தன. லாக்கர் என்று நாங்கள் வைத்த பெயர் அவர் காதுக்குப் போனபோது கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் சட்டையைக் கொஞ்சம் விறைப்பாகத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

பாதுகாப்புக்காக வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றிவிடுவார். அதனால் திங்கட்கிழமை காலையில் அவர் மேசையிலிருந்து படிக்கட்டு வரைக்கும் வரிசை நிற்கும். மெக்கானிக்குகள் டிபன் பாக்ஸோடு நிற்பார்கள். முதலாளியம்மாவே ஒருமுறை நின்றார். "இடத்துல இருங்கம்மா, நானே வந்து சொல்றேன்" என்று லாக்கர் சார் பதறினாரே தவிர, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அப்படி நின்ற அன்றுதான் முதலாளியம்மா உத்தரவு போட்டார்: கடவுச்சொற்களைப் பத்திரமாக வைத்துக்கொடுக்கிற மென்பொருள் ஒன்றைப் பார்த்து வாங்க வேண்டும். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, வேறு யாருக்கு, லாக்கர் சாருக்கு.

அவர் எட்டு மாதம் தேர்ந்தெடுத்தார்.

முதலாவது வந்தது, பார்த்தார். "கிளவுட்ல வைக்கிறானாம். நம்ம ரகசியத்தை ஆகாசத்துல தூக்கி வெச்சுட்டு நாம அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கணுமா?" தள்ளிவிட்டார். இரண்டாவதில், அவரவர் சொந்தக் கடவுச்சொல் அவரவருக்கு மட்டுமே தெரியும். "நிர்வாகிக்கே தெரியாதாம். அப்புறம் அவன் என்ன நிர்வாகி? கதவு தொடைக்கவா?" அதுவும் போயிற்று. மூன்றாவதில் குறை அகப்படவில்லை. ஒரு மாதம் தேடினார். விற்க வந்த பெண் கடைசியில், "சார், இது வந்துட்டா உங்க வேலை பாதி குறைஞ்சிடும்" என்று உற்சாகமாகச் சொன்னாள். அன்று மாலையே பட்டியலில் அதன் மேல் குறுக்குக்கோடு விழுந்தது. காரணம் எழுதும் கட்டத்தில், "எழுத்து சிறியதாக உள்ளது."

நான்காவதைத் தேடிக்கொண்டிருந்தபோது அவருக்குக் கடைவாய்ப் பல் வலி எடுத்தது. வாழ்நாளில் அரைநாள் விடுப்பு எடுக்காதவர் ஒரு புதன்கிழமை பல் மருத்துவரிடம் போனார். பதினொன்றரைக்கு ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தில் எங்கள் லிஃப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மாவும் ஏழு வயது மகளும். மெக்கானிக் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். அலுவலகத்திலிருந்தபடியே லிஃப்டைக் கீழ்மாடிக்கு இறக்கிக் கதவைத் திறக்கலாம். அதற்கொரு கணினி இருக்கிறது. அதற்கொரு கடவுச்சொல்லும் இருக்கிறது. அதை மட்டும் லாக்கர் சார் யார் காதிலும் ஊதியதில்லை.

வரவேற்பறைப் பெண் ஒரு காதில் லிஃப்டுக்குள்ளிருக்கும் தொலைபேசியை வைத்துக்கொண்டாள். அழுகிற குழந்தையிடம், "ஏழாம் வாய்ப்பாடு தெரியுமாடா கண்ணு? சொல்லு பாப்போம்" என்றாள். இன்னொரு கையால் பல் மருத்துவமனையை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். முதலாளியம்மாவும் ஓடி வந்தார்.

அங்கே ஊசி போட்டாகிவிட்டது. நாக்கும் உதடும் மரத்துப்போயிருந்தன. மறுமுனையில் ஏதோ குழறல் கேட்டது. மருத்துவரின் உதவியாளர் பெண் அதை மொழிபெயர்த்தாள்: "'நான் இல்லாம நடக்காது'ங்கறாருங்க."

"அது எங்களுக்கே தெரியும்மா. பாஸ்வேர்டைக் கேளுங்க."

மறுபடி குழறல். "அதையேதாங்க திரும்பச் சொல்றார். நான் இல்லாம நடக்காதாம்."

முதலாளியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு குழந்தை உள்ள மாட்டிக்கிட்டு அழுவுது, இந்த நேரத்துல என்னய்யா பெருமை வேண்டிக்கிடக்கு?" என்று தொலைபேசியைப் பார்த்துக் கத்தினார்.

பிறகு உதவியாளர் பெண், "பேனா கேக்கறாருங்க" என்றாள். "கழுத்துல கட்டியிருக்கற காகிதத்துல எழுதறார். இருங்க, படிக்கறேன். எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி இல்லாம. என், ஏ, ஏ, என். ஐ, எல், எல், ஏ, ஏ, எம், ஏ..."

வரவேற்பறைப் பெண் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பாதி தூரம் போவதற்குள் எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. "...டி, எச், யூ. கடைசில ஒண்ணு, ஏழு." திரை திறந்தது; லிஃப்டைக் கீழ்மாடிக்கு இறக்கினாள். நாற்பத்தொன்பதோடு வாய்ப்பாடு நின்றது. "அம்மா, கதவு தொறந்துடுச்சு!" என்று குழந்தையின் குரல் கேட்டது.

மறுநாள் முதலாளியம்மா இருபது நிமிடத்தில் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தார். குறுக்குக்கோடு விழுந்த அதே மூன்றாவது. நாற்பத்தொரு கடவுச்சொற்களையும் லாக்கர் சார்தான், வீங்கிய கன்னத்தோடு, அதில் ஏற்றினார். ஏற்ற ஏற்ற அது ஒவ்வொன்றையும் எடைபோட்டது. முப்பத்தாறு சிவப்பு: 'எளிதில் ஊகிக்கக்கூடியது'. வாரத்துக்கு வாரம் அவர் மாற்றியதெல்லாம் கடைசி இரண்டு எண்களை மட்டும்தான் என்பதும் அன்று தெரியவந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை வரிசை இல்லை. ஒன்பதரைக்கு அவர் மேசையைத் துடைத்தார். பத்துக்கு மறுபடியும் துடைத்தார். தேநீர் வந்தபோது என் பக்கம் திரும்பி, "லாக்கருக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னா அதுக்கு என்ன பேரு?" என்றார். "அலமாரி" என்று அவரே சொல்லிக்கொண்டு தேநீரை உறிஞ்சினார்.

மதியம் கிடங்கிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து அவர் மேசை முன் நின்றார். லாக்கர் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், ஸ்டேப்ளர் இருக்கா?"

இழுப்பறையைத் திறந்து தேடினார். எடுத்து, ஒரு வெற்றுத் தாளில் இரண்டு முறை அழுத்தி ஊசி விழுகிறதா என்று பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் அதை நீட்டினார்.