ஊற்று மேலேயா, கீழேயா? ஜவ்வாது மலையில் நான் தொலைத்த தொண்ணூறு மீட்டர்

போன ஜனவரி கடைசிச் சனிக்கிழமை ஜவ்வாது மலைக்குப் போய் வந்தேன். அருவி, தேன், சாமைச்சோறு எல்லாம் இந்தப் பதிவில் கிடையாது. நான் செய்த தப்பை நானே ஏறிப் போய்த் திருத்திய கதை இது. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆலங்காயத்தில் எனக்குக் குழாய்க்கடை. நாற்பத்து நாலு வயதில் ஜி.ஐ.எஸ். படிக்கச் சேர்ந்தேன். கணினியில் ஒரு வரைபடத்தை விரித்து, அதன் மேல் ஓடை, சாலை, நிலத்தின் உயரம் என்று அடுக்கடுக்காக வைத்துக் கணக்குப் பார்க்கும் படிப்பு. ஞாயிறுதோறும் இணைய வகுப்பு. "பைப்பு விக்கிறவளுக்கு மேப்பு இன்னாத்துக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் பயிற்சிக்கு ஒரு நிஜ வேலையே கிடைத்தது. ஜமுனாமரத்தூர் பக்கத்துச் சிற்றூரிலிருந்து என் கடைக்கு வரும் செல்வி, தங்கள் ஊருக்கு ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருந்தாள். இருபத்திரண்டு வீடுகள், எல்லோரும் குடத்தோடு நடக்கிறார்கள். மோட்டார் இல்லாமல் தானாகத் தண்ணீர் வருமென்றால் குழாய் தருவதாக ஒரு தொண்டு அமைப்பு சொல்லியிருந்தது. டிசம்பரில் போய் ஊற்றடியில் செல்போனில் உயரம் பார்த்தேன்: 752 மீட்டர். ஊரின் உயரத்தை வீட்டுக்கு வந்து, வரைபடத்தின் உயரக் கோடுகளில் பார்த்தேன்: 815. ஊற்று 63 மீட்டர் பள்ளத்தில். "மோட்டார் இல்லாமல் வராது" என்று அந்த அமைப்புக்கு எழுதி அனுப்பியும் விட்டேன்.

செல்வி போனில் சண்டைக்கே வந்தாள். "அக்கா, ஊத்து மேலதான் கீது. கொடத்த தூக்கிகினு எறங்கி வர்றது நானு!"

"நடுவுல மேடும் பள்ளமும் இருக்கே, உனக்கு அப்படித் தோணுது. செல்லு பொய் சொல்லாது செல்வி" என்றேன். அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அடுத்த மாத வகுப்பில் ஆசிரியர் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார். என் செல்போன் காட்டிய உயரம், பூமியை ஒழுங்கான உருண்டை வடிவமாகக் கற்பனை செய்து அதிலிருந்து அளப்பது. வரைபடக் கோடுகளோ கடல் மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் பூஜ்யமே வேறு. நம் பக்கத்தில் செல்போன் சுமார் தொண்ணூறு மீட்டர் குறைத்துக் காட்டும். ஒரு முனையை ஒரு டேப்பாலும் மறுமுனையை வேறு டேப்பாலும் அளந்து கழித்திருக்கிறேன்! அடுத்த வாரத் திங்கட்கிழமை அமைப்புக்காரர்கள் அந்த ஊரைப் பட்டியலிலிருந்து எடுக்கப் போகிறார்கள். கடையை விட்டு நகர எனக்குக் கிடைப்பது அதற்கு முந்தைய சனி, ஞாயிறு மட்டும்.

காலை 6.10க்கு ஆலங்காயத்தில் தனியார் பேருந்து, முப்பது ரூபாய். காவலூர் வழியாக வளைந்து வளைந்து சுமார் முப்பது கிலோமீட்டர். 7.40க்கு ஜமுனாமரத்தூர். இட்லி, வடை, டீ ஐம்பது ரூபாய். அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டருக்கு ஆட்டோ, முந்நூறு ரூபாய். என் தோளில் சுருண்டு கிடந்த, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபைப் பார்த்து ஓட்டுநர் ஏகாம்பரம், "இன்னாங்கக்கா, மலைக்கு மட்டம் பாக்க வந்தீங்களா?" என்று சிரித்தார். ஆமாம் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஆட்டோ போகாத கடைசி இரண்டு கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் நடந்தேன்.

செல்வி முகம் கொடுத்துப் பேசவில்லை. "தப்பு என்னோடது. நீ சொன்னதுதான் சரியா இருக்கணும். வா, ரெண்டு பேரும் அளக்கலாம்" என்றேன். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். "குடிக்கா. ஊத்துத் தண்ணிதான்" என்றாள்.

ஊரில் அரை மணி நேரம் செல்போனை வெட்டவெளியில் வைத்துப் பார்த்தோம்: 724. ஒன்றே கால் கிலோமீட்டர் நடந்து ஊற்றில் அரை மணி நேரம்: 751. ஒரே கருவி, ஒரே பூஜ்யம். ஊற்று 27 மீட்டர் மேலே! வரைபடக் கோடுகளில் இரண்டு இடத்தையும் பார்த்தால் 25. செல்வி இடுப்பில் கை வைத்து, "நான் இன்னா சொன்னேன்?" என்றாள்.

ஆனால் என் கண் வேறிடத்தில் இருந்தது. ஊற்றுக்கு நூற்றுப்பத்து மீட்டர் தள்ளி ஒரு மேடு. குழாய் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மேடு ஊற்றைவிட உயரமாக இருந்தால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். பார்வைக்கு இரண்டும் சமமாகத் தெரிந்தன. சில மீட்டர் முன்னே பின்னே காட்டும் செல்போனை இதற்கு நம்பவே முடியாது. இதற்கான வழியை நான் வகுப்பில் படிக்கவில்லை, கடையில் படித்தேன். டியூபில் தண்ணீர் நிரப்பினோம். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், கொத்தனார்கள் பார்ப்பதுபோல. அளவு போட்ட இரண்டு கம்புகளோடு, பத்துப் பத்து மீட்டராக நகர்ந்தோம். செல்வி ஒரு முனை, நான் ஒரு முனை. உண்ணிமுள் புதர், வழுக்குப் பாறை. ஏழாவது இடத்தில் டியூபுக்குள் காற்றுக் குமிழி நுழைந்து, மொத்தமும் முதலிலிருந்து. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வுடுக்கா, கொடம் தூக்குறதுக்கு இது தேவல" என்றாள் அவள்.

மதியம் இரண்டரைக்குக் கூட்டிக் கழித்தேன். மேடு ஊற்றைவிட ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் கீழே. நம்பாமல் திரும்பவும் அளந்தோம்: ஒன்று முப்பத்தாறு. மேட்டில் காற்று வெளியேற ஒரு வால்வு வைத்தால் போதும், தண்ணீர் தாண்டும். இருவரும் அந்த மேட்டிலேயே உட்கார்ந்து கத்திச் சிரித்தோம்.

ஞாயிறு முழுக்க வரைபடத்தைத் திருத்தி, அன்றிரவே அமைப்புக்கு அனுப்பினேன். கீழ் மூலையில் 'அளந்தவர்கள்' என்ற இடத்தில் செல்வியின் பெயரை முதலில் போட்டேன். என் கடைப் பலகையில் என் பெயரை எழுதிய நாளில்கூட இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

ஜி.ஐ.எஸ். கற்றுக்கொண்டு மலைக்குப் போகிறவர்களுக்கு: எந்த உயரத்தைப் பார்த்தாலும் அதன் பூஜ்யம் எது என்று கேளுங்கள். சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். கூடுதல் சார்ஜர் கட்டாயம். கடைசிப் பேருந்து நேரத்தை இறங்கியதுமே விசாரியுங்கள். நான் விசாரிக்காமல் தவறவிட்டு, ஏகாம்பரத்துக்கு ஆலங்காயம் வரை தொள்ளாயிரம் கொடுத்தேன். முக்கியமாக, திரையில் வந்த எண்ணும் ஊர்க்காரர் சொல்லும் மோதினால் முதலில் உங்கள் எண்ணைச் சந்தேகப்படுங்கள்.

மார்ச்சில் ஒரு நாள் கடையில் வியாபார நேரம். செல்வி ஊரில் எடுத்த ஒலிப்பதிவைச் சிக்னலுள்ள பாறை மேல் ஏறி அனுப்பியிருப்பாள்போல, செல்போனில் வந்து விழுந்தது. முதலில் புஸ்ஸென்று காற்று. அப்புறம் ஏதோ தகரத்தில் சலசலவென்று கொட்டும் சத்தம், பிள்ளைகளின் கூச்சல். நடுவில் அவள் குரல்: "செல்லு பொய் சொல்லாதுன்னியேக்கா. இப்போ கேளு."

வந்திருந்த வாடிக்கையாளரை நிறுத்திவைத்து மூன்று தடவை கேட்டேன். வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.