மயில் நீல டிராக்டரும் ஏறாத சார்ஜும்

இரும்புலியூரில் நான் பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். எந்த ஐ.டி.ஐ.யிலும் படித்ததில்லை. பிரித்துப் பார்த்தும், ஷாக் வாங்கியும், திட்டு வாங்கியும் கற்ற தொழில். என் கடைக்கு வருகிறவர்களின் வண்டி சரியாகிறதோ இல்லையோ, அவர்கள் வாயிலிருந்து ஒரு பழமொழியாவது எனக்குச் சம்பளமாகக் கிடைத்துவிடும். "சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்" என்பது பேட்டரிக்காகவே யாரோ சொல்லி வைத்தது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருக்கோடியில் ஓர் அண்ணன். ஆட்டோ ஸ்டாண்டும் கார் ஷெட்டும் நெருக்கியடிக்கிற இடத்தில் அவர் வீட்டு வாசலில் மட்டும் பழைய டிராக்டர் ஒன்று நிற்கும். அவர் அப்பா காலத்து வண்டி. இப்போது உழுவதற்கு என்ன இருக்கிறது? டிரெய்லரில் செங்கல், ஜல்லி அடிப்பார். அடைமழையில் முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் நின்றால், கார்கள் எல்லாம் மூக்கை மூடிக்கொண்டு படுத்திருக்கும்போது, இந்தக் கிழம்தான் பால் பாக்கெட்டையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிக்கொண்டு டுபுடுபுவென்று போகும்.

அந்த வண்டியில் தட்டினால் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் உண்டு. ஆனால் அண்ணன் அதை மதித்ததே இல்லை. முன்னால் ஹாண்டிலைச் செருகி, இடுப்பை வளைத்து ஒரே சுற்று. "செல்ஃப்பு சோம்பேறிக்கு" என்பார். போன வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குரோம்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்பினார்கள். கனமான எதையும் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, ஹாண்டிலைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீடு திரும்பிய கொஞ்ச நாளில் அண்ணி என் கடைக்கு வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி நின்றார்.

"தம்பி, காலைல கோலம் போட வந்தா இந்த மனுசன் ஹாண்டிலைக் கையில வெச்சிகினு வண்டி முன்னால நிக்கறாரு. பேட்டரி இறங்கிடுச்சாம். செல்ஃப்பு எடுக்கலியாம். எனக்குப் பாதி உயிர் போயிடுச்சி."

"நான் வந்து பார்க்கறேன் அண்ணி."

"பாருங்க. செல்ஃப்புல எடுத்தா வண்டி வூட்ல இருக்கட்டும். இல்லன்னா காயலான் கடைக்குப் போவட்டும். எம்புள்ளை பள்ளிக்கரணையிலேர்ந்து டெய்லி போன் பண்ணி வித்துடு வித்துடுன்றான். எனக்கு அவரு வோணும் தம்பி. இரும்பு வோணாம்."

போய்ப் பார்த்தேன். வண்டி புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. முழுக்க மயில் நீலம். அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஆயுத பூஜை வந்ததாம். குன்றத்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டு, மயில் நிறத்தில் அண்ணியே பிரஷ் பிடித்துப் பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்துப் பூஜை போட்டிருக்கிறார்.

பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்து டிஸ்டில் வாட்டர் ஊற்றி, நன்றாகச் சார்ஜ் ஏற்றி மாட்டினேன். செல்ஃப் ஒரே பிடியில் எடுத்தது. அண்ணன் தாம்பரம் வரைக்கும் போய் வந்தார். ஓரிரு நாள் ஓடியது. மறுபடியும் செத்தது. ஆக, பேட்டரி நல்லதுதான். ஓடும்போது அதில் மின்சாரத்தை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டிய டைனமோ ஊற்றவில்லை. ஊற்றாத சட்டியை எவ்வளவு சுரண்டினால் என்ன?

இரண்டாவது தடவை போனபோது ஃபேன் பெல்ட்டை இறுக்கினேன். டைனமோவைப் பிரித்துக் கார்பன் பிரஷ் மாற்றினேன். நேராக ஒரு பல்பைக் கொடுத்துப் பார்த்தால், பளிச்சென்று எரிந்தது. டைனமோ கெட்டி. அதற்கும் பேட்டரிக்கும் நடுவே வாசல் காக்கிற கட்டவுட் பெட்டி ஒன்று உண்டு. மின்சாரம் போதுமான அளவு வந்தால் திறந்து உள்ளே விடும். இல்லாவிட்டால் சாத்திக்கொள்ளும். அதன் மூடியைக் கழற்றி உள்ளே இருந்த பாயிண்டுகளையும் துடைத்தேன். எஞ்சினை ஓட விட்டால், சார்ஜ் ஏறுவதைக் காட்டும் அம்மீட்டர் முள் நட்ட நடுவில் அப்படியே நின்றது.

"இன்னா தம்பி, உசுரு கீதா?" என்றார் அண்ணன்.

"உயிர் இருக்கு அண்ணா. வாய்க்குள்ள போக மாட்டேங்குது."

"என்னை மாதிரிதான். உப்பில்லாத கஞ்சி போட்றா ஒங்க அண்ணி."

மூன்றாவது தடவை ஒரு சனிக்கிழமை காலை. அண்ணி டீயைக் கொடுக்கும்போதே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாளைக்கு வண்டி ஏத்திகினு போவ ஆளு வர்றான் தம்பி. புள்ளை பேசி முடிச்சிட்டான்." அண்ணன் டிராக்டர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

'நோய்க்கும் பார், பேய்க்கும் பார்' என்பார்கள். நோய்க்கு எல்லாம் பார்த்தாகிவிட்டது. இனிப் பேய்தான் பாக்கி. சார்ஜ் போட்டுக் கொண்டுவந்த பேட்டரியை வண்டியில் மாட்டி, பல்பின் ஓர் ஒயரை அதன் உயிர் முனையில் கோத்து, இன்னொரு ஒயரை எஞ்சின் மேல் வைத்தேன். எரிந்தது. சும்மா இருக்கட்டுமே என்று, கட்டவுட் பெட்டிக்குள்ளே எர்த்துக்கு என்று இருக்கிற ஸ்க்ரூவிலும் வைத்தேன். எரியவில்லை. தேய்த்து வைத்தேன். எரியவில்லை. அந்தப் பெட்டிக்குத் தனியாக எர்த் ஒயர் கிடையாது. வண்டியின் உடம்போடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பதுதான் அதற்கு எர்த், மின்சாரம் திரும்பிப் போகிற வழி. அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

போல்ட்டுகளைக் கழற்றிப் பெட்டியைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க மயில் நீலம், தோசைக்கல்லில் மாவு ஊற்றியது போல. அது உட்கார்ந்திருந்த தகட்டிலும் நீலம். போல்ட் மரையிலும் நீலம்.

"அண்ணா, இந்தப் பெட்டியை யார் கழட்டினது?"

"நான் எங்கப்பா கழட்டுனேன்? நெஞ்சைத் தொறந்து போட்டுகினு படுத்துகினு இருந்தேன்."

வாசற்படியில் டீ டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

"நான்தான் தம்பி" என்றார் அண்ணி. "ஸ்பேனர் எடுத்து நான்தான் கழட்டுனேன். அடுப்ப நகத்தாம வெள்ளையடிச்சா அது இன்னா வெள்ளையடிக்கிறது? பூஜைக்குன்னா இடுக்குலயும்தான அடிக்கணும்? அவரு வந்து பாக்கும்போது ஒரு சொட்டு துரு தெரியக் கூடாதுன்னு... ரெண்டு கோட்டு அடிச்சேன். போல்ட்டக்கூட முக்கி எடுத்துத்தான் மாட்டுனேன்." பிறகு என்னைப் பார்த்தார். "தப்பா தம்பி?"

பெயிண்ட் நடுவில் நின்று எர்த்தை மறித்துவிட்டது, அதனால் பெட்டி திறக்கவேயில்லை என்று எப்படியோ இழுத்து இழுத்துச் சொன்னேன்.

"அப்போ நான்தான் கெடுத்தனா? நானே கெடுத்துட்டு, நானே விக்கவும் சொன்னனா?" அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் சீட்டிலிருந்து மெதுவாக, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். பெட்டியை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாருக்கும் தெரியாத அந்தப் பின்பக்கத்தில் பிரஷ் கோடு ஒவ்வொன்றும் ஒரே பக்கமாக, வகிடெடுத்து வாரிய தலை போல இருந்தது.

"மெக்கானிக்குகூட இவ்ளோ நீட்டா அடிக்க மாட்டான்டி" என்றார்.

"போய்யா. வவுத்தெரிச்சலக் கிளப்பாத."

வேலை சுலபம்தான். பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தேன். போல்ட் உட்காரும் இடத்தில் கொஞ்சம் சுரண்டினால் போதும். தாளை வைக்கப் போனேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பழைய பலம் இல்லை. ஆனாலும் பிடி, பிடிதான்.

"சொரண்டாத."

"ஒரு ரூபாய்க் காசு அளவுதான் அண்ணா. மூடி மாட்டிட்டா வெளியே தெரியவே தெரியாது."

"எனக்குத் தெரியுமில்ல? கடுகளவுகூட வோணாம். வேற வழி பாரு."

வேறு வழி இருந்தது. அண்ணியின் பிரஷ் நுழைய முடியாத இடம் அந்தப் பெட்டியில் ஒன்றே ஒன்று: மூடிக்கு உள்ளே இருந்த எர்த் ஸ்க்ரூ. அதிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்த எஞ்சின் போல்ட் ஒன்றில் முறுக்கினேன். பெட்டியை நீலத்தின் மேல் நீலமாகவே வைத்து இறுக்கினேன்.

அண்ணன் ஏறி உட்கார்ந்து செல்ஃப்பைத் தட்டினார். எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. கொஞ்சம் வேகம் கொடுத்ததும் பெட்டிக்குள் டிக்கென்று ஒரு சத்தம். அம்மீட்டர் முள் தூக்கம் கலைந்த மாதிரி அசைந்து வலது பக்கம் சாய்ந்தது.

"இங்க வந்து பாருடி!"

அண்ணி வந்து எட்டிப் பார்த்தார். "எந்தப் பக்கம் சாஞ்சா நல்லது தம்பி?"

"இந்தப் பக்கம்தான் அண்ணி."

"சாமி சத்தியமா?"

"இது சாஞ்சிருக்கறவரைக்கும் செல்ஃப் எடுக்கும். ஹாண்டில் வேண்டாம்."

அண்ணி போனை எடுத்து, மகனிடம் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "டேய், நாளைக்கு ஆள அனுப்பாத! ஏன்னு கேக்காத, அனுப்பாத!"

நான் கிளம்பும்போது அண்ணி சீட்டுக்குக் கீழே குனிந்து, ஒரு கோணிப்பையில் எதையோ சுற்றி என் கையில் கொடுத்தார். கனத்தது. பிரிக்காமலே தெரிந்தது, ஹாண்டில். "இது உங்க கடையிலயே கெடக்கட்டும் தம்பி" என்றார். அண்ணன் பார்த்தார். பார்த்துவிட்டு, எதிர்வீட்டு முருங்கை மரத்தில் புதிதாக என்னவோ காய்த்தது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காற்றடித்தால் என் கடைக் கதவு சாத்திக்கொள்ளும். அதற்கு இப்போது அந்த ஹாண்டில்தான் முட்டு. அண்ணன் செங்கல் லோடோடு வரும்போது கடை வாசலில் நிறுத்துவார். கதவடியில் கிடப்பதை ஓரக்கண்ணால் பார்ப்பார். வேண்டுமென்றே எஞ்சினை அணைப்பார்.

"இன்னா தம்பி, வியாபாரம் எப்டி?"

"ஓடுது அண்ணா."

என் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே செல்ஃப்பைத் தட்டுவார். ஒரே பிடி. தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டிருப்பார்.